பிளாட் பாடி கட்டலாம், கொக்கி வேண்டாம்

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பிக்கப் ஒரு வாரத்தில் என்னென்ன சுமக்கிறது என்று பார்த்தாலே போதும், பாடி கட்டும் பட்டறையில் ஏன் இத்தனை பேர் போய் நிற்கிறார்கள் என்பது விளங்கிவிடும். விடியும் முன் தக்காளி கிரேட்டுகளோடு பாலக்கோடு மண்டிக்கோ ராயக்கோட்டை மண்டிக்கோ ஓட்டம். திரும்பும்போது உர மூட்டையும் மாட்டுத் தீவனமும். மறுநாள் போர்வெல்லுக்கு 20 அடிக் குழாய். அதற்கடுத்து ஆடு, தேங்காய், கேழ்வரகுத் தாள், பவர் டில்லர், கல்யாண வீட்டுப் பாத்திரம். கோடையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் ஊருக்கென ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் தோட்டத்து வரப்பிலிருந்து மண்டி வாசல்வரை தக்காளியைக் கொண்டுபோக ரயிலால் ஆகாது. அந்த வேலை முழுக்கச் சின்ன வண்டிகளின் தலையில் விழுந்திருக்கிறது.

இந்தச் சின்ன வண்டிகள் நம் சாலைகளை நிறைத்து அதிக காலம் ஆகவில்லை. 1986-இல் டாடா 407 வந்தபோதே பெரிய லாரிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளி குறையத் தொடங்கியது. 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் நிலைமை தலைகீழானது. நம் ஊரில் அது 'குட்டி யானை'. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் அதே வண்டி 'பட்டா'. 2011-இல் அசோக் லேலண்ட் ஒன்றேகால் டன் சுமக்கும் தோஸ்த்தை, நமக்குப் பக்கத்து ஓசூரிலேயே தயாரித்து விட்டது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப்போ மேடு பள்ளம் பாராமல் காட்டு வழியிலும் ஏறிப் போய், விவசாயிகளின் வீட்டு வாசலில் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது.

வண்டி வாங்கியவருக்கு இரண்டு ஆசைகள் வருகின்றன. ஒன்று, பின்னால் இருக்கும் தொட்டியை எடுத்துவிட்டுத் தன் சரக்குக்கு ஏற்றபடி தட்டையான, அகலமான பிளாட் பாடி கட்டிக்கொள்வது. இன்னொன்று, சேசிஸின் பின்முனையில் ஒரு கொக்கி வைத்து டிரெய்லரோ கான்கிரீட் கலவை மிஷினோ இழுப்பது. பட்டறையில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள், ஒரே பில்லில் முடிக்கிறார்கள். இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய விஷயங்கள் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் பிளாட் பாடி. அமெரிக்காவில் பிக்கப் என்றால் பெரும்பாலும் ஆழமான தொட்டி. உள்ளே இருபுறமும் சக்கர மேடுகள் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தட்டை வைப்பது அங்கே தனி வேலை. நம்மூர்ச் சரக்கு பிக்கப்பின் தளம் பெரும்பாலும் தட்டையாகவே வருகிறது. பக்கத்து டோரைக் கீழே மடக்கலாம். பொலிரோ பிக்கப்பில் எப்.பி. என்று குறிப்பிடும் ரகமே பிளாட்பெட்தான். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸிலும் பிளாட் டெக் ரகம் உண்டு. பாடியே இல்லாமல் கேபினும் சேசிஸும் மட்டும் கொண்ட ரகமும் உண்டு. ஆக, "பிளாட் பாடி வேண்டும்" என்று பட்டறைக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்குத் தேவையானது ஷோரூமிலேயே கிடைக்கும். கேட்காமல் விட்டதுதான் குறை. டெலிவரி எடுத்த மறுவாரமே புது டோரைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு இரும்புத் தட்டுக்குப் பணம் கட்டுவதைப் போல ஒரு வீண் செலவு வேறில்லை.

பாடி கட்டுவதில் இந்தப் பகுதிக்குக் கைத்திறன் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கரூர் பஸ் பாடி, நாமக்கல் லாரி பாடி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, இவற்றை அறியாத மாநிலம் இந்தியாவில் எது? வெறும் சேசிஸை வாங்கி வந்து அதன்மேல் துளையிடும் இயந்திரத்தை ஏற்றி, நாடு முழுக்கக் கிணறு தோண்ட அனுப்பிய ஊர் திருச்செங்கோடு. அந்தக் கைகளிடம் பழகிய தொழிலாளிகள் தருமபுரி, பாலக்கோடு பட்டறைகளிலும் இருக்கிறார்கள். சிக்கல் வேறு. லாரிக்குப் பழகிய கை, பிக்கப்புக்கும் லாரியின் கனத்திலேயே இரும்பு போடுகிறது. 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்ணே' என்று பட்டறைக்காரர் சொல்ல, வண்டிக்காரரும் தலையாட்டிவிடுகிறார்.

அந்த ஸ்ட்ராங்கின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 7.85 கிலோ. ஒன்பதடி நீளம், ஐந்தரையடி அகலத் தளம் என்றால் சுமார் 4.6 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் போட்டால் தளத் தகடு மட்டும் 108 கிலோ. 5 மில்லிமீட்டர் போட்டால் 180 கிலோ. வித்தியாசம் 72 கிலோ, அதாவது 25 கிலோ கிரேட் ஏறக்குறைய மூன்று. வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி.யில் அச்சாகிவிட்டது, அது நீளாது. தளம் தின்கிற ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறைய வேண்டும். ஒவ்வொரு நடையிலும் மூன்று கிரேட் தக்காளியை இரும்புக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறோம், அதுவும் வண்டி இருக்கும் காலம் முழுக்க. குறைக்காமல் ஏற்றினால் அது ஓவர்லோடு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது. தக்காளியும் தேங்காயும் ஏற்றுகிறவருக்கு 3 மில்லிமீட்டரே தாராளம். கீழே குறுக்குச் சட்டங்களை நெருக்கி வைத்தால் போதும். கருங்கல்லும் செங்கல்லும் ஏற்றுகிறவர் பிக்கப்பைத் தேர்ந்ததே தப்பு.

எடையைவிட ஆபத்தானது நீளம். குழாய் வியாபாரம் இருப்பவர்கள் தளத்தை ஓரடி, ஒன்றரையடி பின்னால் இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள். பின்சக்கர அச்சைத் தாண்டி நீளும் பகுதி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மூன்று மீட்டர் வீல்பேஸ் உள்ள பிக்கப்புக்கு அது 1.8 மீட்டர். வரம்புக்குள் இருந்தாலும் கணக்கு கசக்கவே செய்யும். அந்த வண்டியில் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால், முன் அச்சிலிருந்து 150 கிலோ குறைந்துவிடும். பின் அச்சில் 300 அல்ல, 450 கிலோ ஏறும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷப்படும் டிரைவர்கள் உண்டு. முன்சக்கரம் தரையை விட்டுப் பிரியப் பார்க்கிறது என்பதுதான் அந்தச் சந்தோஷத்தின் பொருள்.

தளத்தை நீட்டியும் 20 அடிக் குழாய் உள்ளே அடங்கப்போவதில்லை. பின்னாலோ பக்கத்திலோ முன்னாலோ சரக்கு துருத்திக்கொண்டிருந்தால் தனியாக 20,000 ரூபாய் அபராதம் அதே 194-ஆம் பிரிவில் இருக்கிறது. எப்போதாவது குழாய் ஏற்றுகிறவர் அன்றைக்குக் குழாய் அடங்கும் நீளமுள்ள ஒரு லாரியை வாடகைக்குப் பிடிப்பதே மலிவு.

இனிப் பொருத்தும் விதம். பட்டறையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். பிக்கப்பின் சேசிஸ் ஏணி போன்றது. காட்டு வழியில் ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் விறைப்பான இரும்புத் தளத்தை நேராக வெல்டு வைத்துவிட்டால் முறுக்கல் முழுவதும் வெல்டு வைத்த இடத்தில் போய்க் குவியும். அதிலும் கேபினுக்குப் பின்னால், தளம் தொடங்கும் இடத்தில். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அங்கே முடி போல ஒரு விரிசல் தெரியும். அதைப் பார்த்து மறுபடி வெல்டு வைப்பார்கள். சூட்டில் இரும்பு இன்னும் நொறுங்கும் தன்மை கொள்ளும்.

தளத்துக்கு அடியில் தனியாக இரண்டு நீளச் சேனல்கள் ஓட வேண்டும். அவற்றுக்கும் சேசிஸுக்கும் நடுவே கெட்டி ரப்பரோ மரச்சட்டமோ வேண்டும். யூ போல்ட்டால் இறுக்க வேண்டும். பிரேக் போடும்போது தளம் முன்னோக்கி நழுவாமலிருக்கப் பக்கத்தில் பிளேட் வைத்து, கம்பெனி ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட வேண்டும். நீளச் சேனலின் முன்முனையைச் சாய்வாகச் சீவிவிட வேண்டும், அப்போதுதான் விறைப்பு திடீரென்று தொடங்காது. சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாக டிரில் போடவே கூடாது. வண்டி முழுச் சுமையோடு பள்ளத்தில் விழும்போது டயர் எவ்வளவு மேலே வரும் என்று பார்த்துத்தான் தளத்தின் உயரத்தை வைக்க வேண்டும். பார்க்காமல் கட்டிய வண்டிகளின் டயர் ஓரம் அரைபட்டிருப்பதை மண்டி வாசலில் நின்றாலே பார்க்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினை நடத்துவதே ஒரு எலக்ட்ரானிக் பெட்டி. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்து அந்தப் பெட்டியைப் பறிகொடுத்தால், பாடி கட்டிய கூலியையே மிஞ்சும் செலவு வரலாம்.

பாடியோடு சேர்த்துப் பலர் செய்யும் இன்னொரு வேலை, ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை ஏற்றுவது. இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று உண்டு. சுமை ஏறித் தளம் தாழ்ந்தால், 'சரக்கு இருக்கிறது' என்று பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் விடும். வண்டி காலியாக நிமிர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை ஏற்றிய வண்டி முழுச் சுமையிலும் நிமிர்ந்தே நிற்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதிகச் சுமை, குறைந்த பிரேக். சேலம் மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கவும்.

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம். புதுச் சேசிஸாக வாங்கித் தற்காலிகப் பதிவில் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாடி கட்டிப் பதிவுசெய்வது ஒரு வழி. இதற்கென்றே படிவம் 22-ஏ இருக்கிறது. ஒரு பாதியில் வண்டிக் கம்பெனியும் மறுபாதியில் பாடி கட்டியவரும் கையெழுத்திட்டு, விதிப்படி இருக்கிறது என்று உறுதி தர வேண்டும். கட்டி முடித்த பாடியின் எடையோடுதான் ஆர்.சி.யில் காலி எடை ஏறும். எல்லாம் நேர்.

பதிவான வண்டியின் பாடியைப் பிறகு மாற்றுவது இன்னொரு வழி. இங்கேதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்தது. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆகவே கட்டிவிட்டுப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போய் நிற்பதைவிட, கட்டும் முன் வரைபடத்தோடு போய்க் கேட்பதே புத்திசாலித்தனம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் பழைய டோரை மாட்டிக் காட்டிவிட்டு மறுபடி கழற்றுகிறவர்களுக்கு அந்தக் கூலியும் சேர்ந்துகொள்கிறது.

தவணையில் இருக்கும் வண்டியென்றால் நிதி நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் பாடியின் மதிப்பைச் சேர்க்க வேண்டும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து ஆர்.சி.யையும் வண்டியையும் ஒப்பிடும்போது இரண்டும் இரண்டு வண்டிகளாக இருந்தால், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இப்போது கொக்கி. வெளிநாட்டு வீடியோக்களில் ஹைலக்ஸும் டி-மேக்ஸும் படகை இழுப்பதையும் குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுப்பதையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த இரண்டு வண்டிகளுக்கும் 3,500 கிலோவரை இழுக்கும் அனுமதி இருப்பது உண்மை. ஆனால் அது டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் இருந்தால். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு அதே நாட்டில் 750 கிலோதான். நம் ஊரில் உருட்டப்படும் கலவை மிஷினுக்கும் பட்டறையில் கட்டிய இரண்டு சக்கர டிரெய்லருக்கும் பிரேக் என்ற ஒன்று இருப்பதைப் பார்ப்பது அபூர்வம். நம்மூர்ச் சிறிய பிக்கப்பின் விளம்பரத் தாளில் சுமக்கும் எடை கொட்டை எழுத்தில் இருக்கும். இழுக்கும் எடை என்று ஒரு வரியே பெரும்பாலும் இராது. கம்பெனி சொல்லாததைப் பட்டறை எப்படிச் சொல்லும்?

மூன்று டன் வண்டிக்காகக் கணக்கிட்ட பிரேக், பின்னால் ஒரு டன் பிரேக் இல்லாத டிரெய்லரோடு நான்கு டன்னை நிறுத்த வேண்டும். பிரேக் அதே சக்தியில் பிடித்தால் 30 மீட்டரில் நிற்க வேண்டியது 40 மீட்டரில் நிற்கும். இது சமதரையில். இறக்கத்தில் பிரேக் டிரம் அத்தனை கூடுதல் சூட்டையும் வாங்க வேண்டும். வளைவில் பிரேக் மிதித்தால் டிரெய்லர் பின்னிருந்து தள்ளி வண்டியை மடக்கிப் போடும். வெளிநாட்டு டிரெய்லர்களில் கொக்கியே பிரேக்காக வேலை செய்யும் ஏற்பாடு உண்டு: டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது கொக்கிக்குள் இருக்கும் தண்டு உள்ளே அழுந்தி டிரெய்லரின் பிரேக்கை இயக்கும். நம் பட்டறையில் கொக்கி என்பது ஒரு தகடு, ஒரு துளை, ஒரு பின். அந்தப் பின் கழன்றால் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகூட இருக்காது.

சுமையின் இடமும் முக்கியம். டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும்; சரக்கு டிரெய்லரின் பின்பக்கம் குவிந்தால் வேகம் கூடக்கூட அது பாம்பாக ஆடத் தொடங்கும். அழுந்தினாலோ மேலே சொன்ன அச்சுக் கணக்கு மறுபடி வருகிறது: பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ள கொக்கியில் 100 கிலோ என்றால் முன்சக்கரத்தில் 40 கிலோ குறையும், பின் அச்சில் 140 கிலோ ஏறும். ஏற்கெனவே பிளாட் பாடியும் முழுச் சுமையும் உள்ள வண்டிக்கு இது எங்கே தாங்கும்?

'டிராக்டர் இழுக்கவில்லையா' என்று கேட்பார்கள். பாலக்கோடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் கரும்பு டிரெய்லரை இழுத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கேள்வி. டிராக்டர் என்பது தான் சுமை ஏற்றாமல், இழுக்கவே பிறந்த வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையே அப்படித்தான். மெதுவாகப் போகும், பெரிய பின்சக்கரம், கனத்த உடம்பு, அதற்கென்று கம்பெனியே வைத்துத் தரும் இழுவைச் சட்டம். யாழ்ப்பாணத்தில் லாண்ட் மாஸ்டர் என்னும் இரண்டு சக்கர டிராக்டரும் அதே கதைதான். பெட்டியை இழுத்தாலும் மெதுவாகவே போகும். அவற்றிலும் விபத்து இல்லாமல் இல்லை. பிக்கப்போ சுமக்கப் பிறந்தது, அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போவது.

காகிதப் பக்கமும் கொக்கிக்குச் சாதகமாக இல்லை. டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். இன்சூரன்ஸில் தனியாகச் சேர்த்துப் பிரீமியம் கட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் கயிற்றிலும் கம்பியிலும் கட்டி இழுத்துப்போகும் கலவை மிஷினில் மோதி பைக்கில் வந்தவர் விழுந்தால், அதற்கு வண்டி உரிமையாளர் மட்டுமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வண்டி சேற்றில் சிக்கினால் இழுத்து எடுக்கக் கம்பெனி முன்னும் பின்னும் வைத்திருக்கும் வளையம் வேறு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கலவை மிஷினையும் டில்லரையும் இழுக்காமல் தளத்தின்மேல் ஏற்றிப்போக முடியும். நல்ல பிளாட் பாடிக்கு இரண்டு சறுக்குப் பலகையும் கட்டுவதற்கு நான்கு வளையமும் இருந்தால், கொக்கிக்குக் கேட்ட வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். பெரிய மிஷின் என்றால் டிராக்டரை வாடகைக்கு அமர்த்துங்கள். பிக்கப்பில் கொக்கி வைக்கக் கேட்டு வருகிறவரைப் பட்டறைக்காரர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

போக்குவரத்துத் துறையிடம் ஒரு வேண்டுகோள். விவசாயி தன் சரக்குக்கு ஏற்ற தளத்தைக் கேட்பது குற்றமல்ல. அதை எப்படிச் சரியாகச் செய்வது என்று தமிழில் எழுதிய ஒரு தாள்கூடப் பட்டறையில் கிடைக்காததுதான் குறை. நம் மாவட்டங்களில் அதிகம் ஓடும் நான்கைந்து பிக்கப் ரகங்களுக்கு, தகட்டின் கனம், தளத்தின் நீளம், போல்ட் போடும் இடம், சேர்க்கக்கூடாத பட்டை என்று வரைபடத்தோடு அனுமதிக்கப்பட்ட பாடி மாதிரிகளைத் துறை தமிழில் வெளியிட வேண்டும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி மண்டி வாசலிலேயே அதை ஒட்டிவைக்கலாம்.